பிஎஃப்சென்ஸ் ஃபயர்வால்ல ஐபி குடுக்கிறதும் லாகின் குடுக்கிறதும்: புதுசா வர்றவங்களுக்கு

காலைல ஃபயர்வால் (ஆபீஸ் நெட்வொர்க்குக்கும் இன்டர்நெட்டுக்கும் நடுவுல நிக்கிற காவல் பெட்டி) எழுதி வைக்கிற பதிவை, அதாவது லாக்கைத் தொறக்கிறீங்க. 10.20.10.137-னு ஒரு மெஷின் ராத்திரி ரெண்டு மணிலேர்ந்து வெளிய எங்கயோ டேட்டாவா தள்ளிட்டு இருக்கு. அது யாரு மெஷின்? யாருக்கும் தெரியாது. சரி, நேத்து வரைக்கும் இருந்த ஒரு பிளாக் ரூல் இன்னைக்கு இல்லையேன்னு ஹிஸ்டரியப் பார்த்தா "அட்மின்"னு மட்டும் இருக்கு, ஆபீஸ்ல நாலு பேருக்கு அந்த அட்மின் பாஸ்வேர்ட் தெரியும். எந்த அட்மின்? அதுவும் தெரியாது. ஃபயர்வால் வாங்கி மாட்டிட்டோம்னு நிம்மதியா இருக்கிற பாதி ஆபீஸ்ல நெலம இதுதான்.

இந்தக் கட்டுரைல சொல்லப்போறது ரெண்டே வேலை. ஒண்ணு, எந்த மெஷினுக்கு எந்த ஐபின்னு (நெட்வொர்க்ல அதோட அட்ரஸ் நம்பர்) ஒழுங்கு பண்றது. இன்னொண்ணு, ஃபயர்வாலுக்குள்ள யார் வரலாம், வந்தா என்னத்த தொடலாம்னு முடிவு பண்றது. ரெண்டையும் ஏன் சேர்த்து எழுதுறேன்னா, லாக்ல ஒரு வரியப் பார்த்தா அது இன்னாருதான்னு சொல்லத் தெரியணும், அதுக்கு ரெண்டும் வேணும். உதாரணத்துக்கு பிஎஃப்சென்ஸ் எடுத்துக்கிறேன், ஃப்ரீ எடிஷன் இருக்கு, ரெண்டு நெட்வொர்க் கார்டு இருக்கிற பழைய பிசில கூட போட்டுக் கத்துக்கலாம். இருபது முப்பது பேர் இருக்கிற ஆபீஸ்னு வச்சுக்குங்க. ஃபோர்டிகேட், சோஃபோஸ் வச்சிருக்கிறவங்களுக்கு மெனு மாறும், யோசனை மாறாது.

முதல்ல பேப்பர் எடுங்க

மெஷின்ல கை வைக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர்லயோ எக்செல்லயோ ஐபி ப்ளான் போடுங்க. இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, அப்புறம் ஆறு மாசம் கழிச்சு எல்லாத்தையும் மாத்துறேன்னு ஞாயித்துக்கிழமை வந்து உக்காந்திருப்பாங்க.

உள்ள பயன்படுத்துற ஐபிக்கு மூணு ரேஞ்ச் ஒதுக்கி வச்சிருக்காங்க, 1996-ல வந்த ஆர்எஃப்சி 1918-ங்கிற இன்டர்நெட் விதி ஆவணத்துல இருக்கு: 10-ல ஆரம்பிக்கிறது எல்லாம், 172.16-லேர்ந்து 172.31 வரைக்கும், அப்புறம் 192.168. பிஎஃப்சென்ஸ் போட்டதும் லேன் பக்கம் (ஆபீஸ் உள்பக்கம்) 192.168.1.1-ஆத்தான் வரும். அதை அப்படியே விடாதீங்க. ஐஎஸ்பி (நெட் கனெக்ஷன் தர்ற கம்பெனி) குடுக்கிற மோடமும் நிறைய எடத்துல அதே 192.168.1.1-லதான் உக்காந்திருக்கும், வேன் பக்கமும் (இன்டர்நெட் பக்கம்) லேன் பக்கமும் ஒரே நெட்வொர்க்கா ஆயிட்டா ஃபயர்வாலுக்கு எந்தப் பக்கம் அனுப்புறதுன்னே தெரியாது, "எல்லாம் கரெக்டா போட்டேன், நெட் மட்டும் வரல"ன்னு புலம்புற புது ஆளுங்கள்ல நெறைய பேருக்கு பிரச்சனை இதுதான். மோடம் தகராறு இல்லேன்னாலும் இன்னொண்ணு இருக்கு. நாளைக்கு யாராவது வீட்டுலேர்ந்து விபிஎன் (இன்டர்நெட் வழியா ஆபீஸ் நெட்வொர்க்குக்குள்ள வர்ற பாதுகாப்பான பாதை) போட்டு வருவாங்க, அவங்க வீட்டு ரூட்டரும் 192.168.0 இல்ல 192.168.1-லதான் இருக்கும், ஆபீஸும் அதே நம்பர்னா ஃபைல் சர்வரத் தேடி அவங்க லேப்டாப் வீட்டுக்குள்ளயே சுத்தும்.

அதனால கொஞ்சம் ஒதுக்குப்புறமான நம்பரா எடுங்க. நான் இங்க 10.20.10.0/24 எடுத்துக்கிறேன் (/24-னா முதல் மூணு நம்பர் எல்லா மெஷினுக்கும் ஒண்ணு, கடைசி நம்பர் மட்டும் மாறும்). கெஸ்ட் வைஃபைக்கு 10.20.30.0/24, கேமராவுக்கு 10.20.40.0/24. மூணாவது நம்பரையே விலேன் (ஒரே ஸ்விட்ச்சுக்குள்ள பிரிச்சு வைக்கிற தனி நெட்வொர்க்) நம்பராவும் வச்சுக்கிட்டா லாக்கப் பார்க்கும்போது யோசிக்கவே வேணாம், 30-னா கெஸ்ட், 40-னா கேமரா.

ஒரு /24-க்குள்ள 254 அட்ரஸ் கிடைக்கும். ஸ்டாஃப் நெட்வொர்க்க இப்படிப் பிரிச்சுக்குங்க: .1 ஃபயர்வால். .2-லேர்ந்து .9 வரைக்கும் ஸ்விட்ச், வைஃபை ஆக்சஸ் பாயிண்ட். .10-லேர்ந்து .49 வரைக்கும் பிரிண்டர், பயோமெட்ரிக் அட்டெண்டன்ஸ் மெஷின், டேலி ஓடுற சர்வர் மாதிரி எடம் மாறாத சாமான்கள். .50-லேர்ந்து .99 வரைக்கும் ஸ்டாஃப் கம்ப்யூட்டர், ஒவ்வொண்ணுக்கும் நிரந்தர நம்பர். .100-லேர்ந்து .199 வரைக்கும் யாரு வந்தாலும் எடுத்துக்கிற பூல். மிச்சம் சும்மா கெடக்கட்டும், நாளைக்குத் தேவைப்படும்.

லேன் ஐபிய மாத்துறது

இத வெப் பேஜ்ல மாத்தலாம்தான், ஆனா மாத்தி அப்ளை குடுத்த அடுத்த செகண்டே நீங்க உக்காந்திருக்கிற கனெக்ஷன் கட் ஆகும், டிஎச்சிபி (மெஷினுக்குத் தானா ஐபி குடுக்கிற வசதி) ரேஞ்சு பழைய நம்பர்லயே இருக்கலாம், புதுசா வர்றவங்க அங்கயே பயந்துடுவாங்க. மானிட்டர், கீபோர்டு மாட்டி கன்சோல்லயே பண்ணிடுங்க, எளிது. மெனுல 2-ஆம் நம்பர், இன்டர்ஃபேஸ் ஐபி செட் பண்றது. லேன தேர்ந்தெடுத்து 10.20.10.1 அடிங்க, சப்நெட் கேட்கும், 24 அடிங்க.

அடுத்து கேட்வே (வெளிய போற வழி) என்னன்னு கேட்கும். இங்கதான் கவனம். கேள்வியப் பார்த்ததும் ஏதோ ஒண்ணு அடிக்கணும் போலன்னு மோடம் ஐபியவோ ஃபயர்வால் ஐபியவோ அடிச்சுடுவாங்க. லேனுக்கு கேட்வே கிடையாது, வெறும் என்டர் தட்டுங்க. கேட்வே குடுத்தா அந்த இன்டர்ஃபேஸ இன்டர்நெட் பக்கம்னு பிஎஃப்சென்ஸ் நெனச்சுக்கும், அப்புறம் ட்ராஃபிக் எங்கெங்கயோ போகும். அதுக்கப்புறம் டிஎச்சிபி வேணுமான்னு கேட்கும், ஆமான்னு சொல்லி 10.20.10.100, 10.20.10.199 குடுங்க. கடைசியா எச்டிடிபிக்குத் திரும்பணுமான்னு கேட்கும், வேணாம்னு சொல்லுங்க, லாகின் பேஜ் எச்டிடிபிஎஸ்லயே இருக்கட்டும்.

இப்ப உங்க லேப்டாப் கேபிளக் கழட்டி மாட்டுனா 10.20.10-ல ஒரு நம்பர் வரணும். ப்ரௌசர்ல 10.20.10.1 அடிங்க, சர்டிஃபிகேட் நம்பகமில்லன்னு கத்தும், அது ஃபயர்வால் தானே போட்டுக்கிட்ட சர்டிஃபிகேட், இந்த எடத்துல தாண்டிப் போலாம். லாகின் அட்மின் (admin), பாஸ்வேர்ட் பிஎஃப்சென்ஸ் (pfsense). (ஃபோர்டிகேட்டா இருந்தா 192.168.1.99, சோஃபோஸ்னா 172.16.16.16, போர்ட் 4444.) விசார்ட் வரும், டைம்சோன் ஏசியா/கொல்கத்தா போடுங்க, அலட்சியமா விட்டுடாதீங்க, லாக்ல நேரம் தப்பா இருந்தா அந்த லாக்கே வேஸ்ட். பாஸ்வேர்ட இப்பவே மாத்திடுங்க.

டிஎச்சிபி எப்படி ஓடுதுன்னு ஒரு நிமிஷம்

லாட்ஜ்ல ரூம் எடுக்கிற மாதிரிதான். மெஷின் உள்ள வந்து "யாராவது இருக்கீங்களா, ரூம் வேணும்"னு கத்தும், சர்வர் "இந்த நம்பர் காலியா இருக்கு"ங்கும், மெஷின் "சரி அதையே குடுங்க"ங்கும், சர்வர் சாவியக் குடுத்துடும். ரூம் ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குத்தான், அதுக்குப் பேரு லீஸ். சர்வர் யுடிபி 67-ல கேட்டுட்டு இருக்கும், மெஷின் 68-ல. பிஎஃப்சென்ஸ்ல நீங்க எதுவும் போடலேன்னா லீஸ் 7200 செகண்ட், அதாவது ரெண்டு மணி நேரம். பாதி நேரம் ஆனதும் மெஷினே போய் நீட்டிச்சுக்கும்.

சர்வர் பதில் சொல்லலேன்னா விண்டோஸ் தானா 169.254-ல ஆரம்பிக்கிற ஒரு நம்பரப் போட்டுக்கும். இத மனசுல வச்சுக்குங்க. ஒரு மெஷின்ல 169.254 பார்த்தீங்கன்னா மொதல்ல டிஎச்சிபி ஏன் போய்ச் சேரலன்னு பாருங்க, கேபிள், ஸ்விட்ச் போர்ட், விலேன், இந்த வரிசைல. டிஎன்எஸ்ஸப் (வெப்சைட் பேர ஐபி நம்பரா மாத்தித் தர்றது) போய் நோண்டாதீங்க.

செட்டிங் இருக்கிற எடம் சர்வீசஸ் மெனுல டிஎச்சிபி சர்வர், லேன் டேப். ரேஞ்ச் ஏற்கனவே கன்சோல்ல போட்டாச்சு. டிஎன்எஸ், கேட்வே கட்டத்த காலியா விட்டா ஃபயர்வாலே ரெண்டுக்கும் தன் ஐபியக் குடுத்துக்கும், முக்காவாசி பேருக்கு அதுதான் சரி. ஆபீஸ்ல ஆக்டிவ் டைரக்டரி (விண்டோஸ் மெஷின்களுக்கு ஒரே எடத்துலேர்ந்து லாகின் குடுக்கிற வசதி) இருந்தா மட்டும் டிஎன்எஸ் கட்டத்துல அதை நடத்துற சர்வரான டொமைன் கன்ட்ரோலர் ஐபிய போடுங்க, இல்லேன்னா டொமைன் லாகின் நொண்டும்.

ஒரு சின்ன விஷயம், அந்த பேஜ்ல ஐஎஸ்சி டிஎச்சிபி பழசாயிடுச்சுன்னு ஒரு எச்சரிக்கை தெரியலாம். அந்த சாஃப்ட்வேர எழுதுனவங்களே 2022-ல இனி பராமரிக்கலன்னு சொல்லிட்டாங்க, அதுக்கு பதிலா கியான்னு ஒண்ணு வந்திருக்கு. 2023-ல வந்த பிஎஃப்சென்ஸ் 2.7.1-ல மொதல்ல சேர்த்தப்போ அதுல பாதி வசதி இல்ல, போகப்போகத்தான் சேர்த்தாங்க. புதுசா இன்ஸ்டால் பண்றீங்கன்னா புது வெர்ஷன எடுத்து கியாலயே ஆரம்பிங்க. சிஸ்டம், அட்வான்ஸ்ட், நெட்வொர்க்கிங் டேப்ல மாத்துற எடம் இருக்கு.

யாருக்கு எந்த நம்பர்

இப்பதான் முக்கியமான வேலை. ஸ்டேட்டஸ் மெனுல டிஎச்சிபி லீசஸ் தொறந்தா இப்ப ஐபி வாங்கியிருக்கிற எல்லா மெஷினும் மேக் அட்ரஸோட (நெட்வொர்க் கார்டோட அடையாள எண்) நிக்கும். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஸ்டேட்டிக் மேப்பிங் (இந்த மேக்குக்கு எப்பவும் இந்த ஐபின்னு கட்டுறது) சேர்க்கிற பட்டன் இருக்கும். அதை அழுத்தி, ஐபி கட்டத்துல உங்க ப்ளான் பேப்பர்ல இருக்கிற நம்பரப் போடுங்க, ஹோஸ்ட்நேம்ல "அக்கவுண்ட்ஸ்-2", "ரிசப்ஷன்-பிரிண்டர்" மாதிரி பேரு, டிஸ்க்ரிப்ஷன்ல உக்கார்றவங்க பேரு. நம்பர் பூலுக்கு வெளியில இருக்கணும், அதுக்குத்தான் .100-க்குக் கீழ எல்லாத்தையும் ஒதுக்கி வச்சோம்.

பிரிண்டர்லயே போய் மெனுல ஸ்டேட்டிக் ஐபி அடிக்கிற பழக்கம் பல பேருக்கு இருக்கு. வேணாம்ங்க. பிரிண்டர் டிஎச்சிபிலயே இருக்கட்டும், நம்பர ஃபயர்வால்ல கட்டிப் போடுங்க. அப்பதான் எல்லா நம்பரும் ஒரே எடத்துல தெரியும். ஃபயர்வால், ஸ்விட்ச், ஆக்சஸ் பாயிண்ட் இதுகளுக்கு மட்டும் கையால போடுங்க.

ஃபோன்ல ஒரு சிக்கல் இருக்கு. ஆண்ட்ராய்டு 10, ஐஓஎஸ் 14-லேர்ந்து ஃபோனுங்க வைஃபைக்கு நிஜ மேக் அட்ரஸக் காட்டாம ஒவ்வொரு வைஃபைக்கும் ஒரு போலி நம்பரக் காட்டுது. ஆபீஸ் குடுத்த ஃபோன், டேப் எல்லாத்துலயும் உங்க வைஃபைக்கு மட்டும் அந்த ரேண்டம் மேக்க நிறுத்திட்டு அப்புறம் மேப்பிங் போடுங்க. சொந்த ஃபோன் கெஸ்ட் நெட்வொர்க்குக்குப் போகட்டும், சண்டை மிச்சம்.

அதே டிஎச்சிபி பேஜ்ல தெரியாத மெஷினுக்கு ஐபி தராதேன்னு ஒரு ஆப்ஷன் இருக்கு. போட்டா மேப்பிங் இருக்கிறவங்களுக்கு மட்டும்தான் நம்பர் கிடைக்கும். நல்லதுதான், ஆனா இது பூட்டு இல்ல, விஷயம் தெரிஞ்சவன் கையால ஐபி அடிச்சு உள்ள வந்துடுவான்.

அடுத்து, ஊரே கூடி அனுபவிக்கிற ஒரு வியாதி. நல்லா ஓடிட்டிருக்கிற ஆபீஸ்ல திடீர்னு நாலு பேருக்கு மட்டும் நெட் இல்ல. ஐபி பார்த்தா 192.168.0-ல இருக்கு. நம்ம நெட்வொர்க்லயே அந்த நம்பர் கிடையாதே? சிக்னல் வரலன்னு யாரோ வீட்டுலேர்ந்து பழைய வைஃபை ரூட்டர் கொண்டு வந்து சுவத்துல இருக்கிற பாயிண்ட்ல, அதுவும் லேன் போர்ட்ல சொருகியிருப்பாங்க, அதுவும் டிஎச்சிபி குடுக்க ஆரம்பிச்சுடும். "ரூம் வேணும்"னு கத்துற மெஷினுக்கு எது முந்தி பதில் சொல்லுதோ அதுதான். பாதிச்ச மெஷின்ல கமாண்ட் ப்ராம்ப்ட் தொறந்து ஐபிகான்ஃபிக் /ஆல் (ipconfig /all) அடிங்க, டிஎச்சிபி சர்வர்னு ஒரு வரி வரும், அங்க 10.20.10.1 இல்லாம வேற நம்பர் இருந்தா ஆள் சிக்கிட்டான். மேனேஜ்டு ஸ்விட்ச் (உள்ள போய் செட்டிங் மாத்த முடியுற ஸ்விட்ச்) இருந்தா டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டு, ஃபயர்வால் மாட்டியிருக்கிற போர்ட்ட மட்டும் நம்புன்னு சொல்லிடுங்க, இந்தத் தலைவலியே வராது. அந்த பழைய ரூட்டரயே ஆக்சஸ் பாயிண்ட்டா வச்சுக்கணும்னா அதுல டிஎச்சிபிய நிறுத்துங்க, அதோட ஐபிய 10.20.10.5-னு மாத்துங்க, கேபிள லேன் போர்ட்ல சொருகுங்க. வேலை முடிஞ்சது.

கெஸ்ட் நெட்வொர்க்

இன்டர்ஃபேசஸ், அசைன்மென்ட்ஸ், விலேன் டேப்ல 30 சேர்த்து, அதை ஒரு இன்டர்ஃபேஸா எடுத்து, எனேபிள் பண்ணி, 10.20.30.1/24 குடுங்க. சப்நெட் கட்டத்த /32-லயே விட்டுட்டுத் தேடுறவங்க உண்டு, பார்த்துக்குங்க. டிஎச்சிபில அதுக்குன்னு தனி டேப் வந்துடும், ரேஞ்ச் போடுங்க. ஸ்விட்ச்லயும் ஃபயர்வால் போர்ட், ஆக்சஸ் பாயிண்ட் போர்ட் ரெண்டுலயும் விலேன் 30 டேக் ஆகி, அதாவது அந்த நம்பர் ஒட்டிப் போகணும்.

இப்ப கெஸ்ட்ல ஃபோன் கனெக்ட் ஆகும், ஐபியும் வரும், ஆனா நெட் வராது. பிரச்சனை எதுவும் இல்ல, அப்படித்தான் இருக்கணும். புது இன்டர்ஃபேஸ்ல ரூல் எதுவும் இல்லேன்னா எல்லாம் பிளாக், டிஎச்சிபிக்கு மட்டும் பிஎஃப்சென்ஸ் கண்ணுக்குத் தெரியாம ஒரு அனுமதிய தானே போட்டுக்கும். ரூல மேலேர்ந்து கீழ படிக்கும், எது மொதல்ல பொருந்துதோ அதோட நின்னுடும். அதனால வரிசை இப்படி: மொதல்ல கெஸ்ட்லேர்ந்து 10.20.30.1-க்கு போர்ட் 53 அனுமதி, டிஎன்எஸ்ஸுக்கு. அடுத்து திஸ் ஃபயர்வாலுக்கு (ஃபயர்வாலோட எல்லா ஐபியும்) போற மிச்ச எல்லாம் பிளாக். அடுத்து முன்னாடி சொன்ன மூணு பிரைவேட் ரேஞ்சையும் ஒரு ஏலியாஸ்ல (பல ஐபிக்குச் சேர்த்து ஒரே பேரு) போட்டு அதுக்குப் போறது பிளாக். கடைசில எங்க வேணா போன்னு ஒரு அனுமதி.

லாகின் யார் யாருக்கு

அட்மின்ங்கிற அக்கவுண்ட்ட அழிக்கவோ பேர் மாத்தவோ முடியாது. அதனால அதுக்கு நீளமா ஒரு பாஸ்வேர்ட் போட்டு, எழுதி, கவர்ல ஒட்டி ஓனர் பீரோல வச்சிடுங்க, அன்னாட வேலைக்கு யாரும் அதைத் தொடக்கூடாது, நீங்களும்தான்.

சிஸ்டம், யூசர் மேனேஜர் போங்க. மொதல்ல க்ரூப்ஸ் டேப். "ஹெல்ப்டெஸ்க்"னு ஒரு க்ரூப் போட்டு சேவ் பண்ணுங்க. சேவ் பண்ணிட்டுத் திரும்ப எடிட்ல போனாத்தான் உரிமைகள் சேர்க்கிற பகுதி தெரியும், அது எங்கன்னு தேடாதீங்க. ஹெல்ப்டெஸ்க்குக்கு டேஷ்போர்டு, டிஎச்சிபி லீசஸ் ஸ்டேட்டஸ், டிஎச்சிபி சர்வர், ஸ்டேட்டிக் மேப்பிங் எடிட், ஃபயர்வால் லாக், பிங் இவ்வளவு போதும். புது பிரிண்டர் வந்தா அவங்களே நம்பர் குடுத்துக்குவாங்க, ரூல்ல கை வைக்க முடியாது. ஆடிட்டருக்கோ மேனேஜருக்கோ பார்க்க மட்டும்னா, தேவையான பேஜ்களக் குடுத்து கூடவே கான்ஃபிக் எழுதுறத மறுக்கிற உரிமை ஒண்ணு இருக்கு, அதையும் சேர்த்துடுங்க.

லிஸ்ட் நீளமா இருக்கேன்னு எல்லாத்தையும் செலக்ட் பண்ணிடாதீங்க. யூசர் மேனேஜர், கமாண்ட் ப்ராம்ப்ட், எடிட் ஃபைல், பேக்கப் ரீஸ்டோர், இந்த நாலுல எது குடுத்தாலும் அந்த ஆள் நெனச்சா முழு அட்மின் ஆயிடலாம். யூசர் மேனேஜர் கையில இருக்கிறவன் தனக்குத் தானே எல்லா உரிமையும் குடுத்துக்குவான்ல.

அப்புறம் யூசர்ஸ் டேப்ல ஆளுக்கு ஒரு அக்கவுண்ட், உங்களுக்கும் ஒண்ணு போட்டு அட்மின்ஸ் க்ரூப்ல சேருங்க. வெளியாள் வேண்டர் வந்து வேலை பாக்கணும்னா அவருக்கும் தனி அக்கவுண்ட், எக்ஸ்பைரி தேதி கட்டத்துல வேலை முடியுற நாள். இதுக்கெல்லாம் பலன் எங்க தெரியும்னா டயக்னாஸ்டிக்ஸ், பேக்கப் ரீஸ்டோர், கான்ஃபிக் ஹிஸ்டரி டேப்ல. ஒவ்வொரு மாற்றமும் நேரத்தோட, யூசர் பேரோட, அவர் உக்காந்திருந்த ஐபியோட ஒரு வரியா நிக்கும். யூசர் பேரு ஆளச் சொல்லுது, ஐபி மெஷினச் சொல்லுது, நீங்க மேப்பிங் ஒழுங்கா போட்டிருந்தா மெஷின் எந்த டேபிள்னு வரைக்கும் தெரிஞ்சுடும்.

லாகின் பேஜையே பூட்டுறது

பிஎஃப்சென்ஸ்ல ஆன்டி-லாக்அவுட்னு ஒரு ரூல் லேன்ல எப்பவும் மேல நிக்கும். நீங்க தப்பா ரூல் போட்டு வெளிய மாட்டிக்கக் கூடாதுன்னு வச்சிருக்காங்க, ஆனா அதனால லேன்ல இருக்கிற யாரு வேணா லாகின் பேஜ் வரைக்கும் வரலாம். இத எடுக்கணும், ஆனா வரிசை முக்கியம், மாத்திப் பண்ணா நீங்களே வெளிய நிப்பீங்க.

ஃபயர்வால், ஏலியாஸ்ல "ஐடி_பிசி"-னு ஒண்ணு போட்டு உங்க மெஷின், ஹெல்ப்டெஸ்க் மெஷின் ஐபிகள சேருங்க. லேன் ரூல்ஸ்ல மேலேர்ந்து: ஐடி_பிசிலேர்ந்து திஸ் ஃபயர்வாலுக்கு 443 (லாகின் பேஜ் போர்ட்) அனுமதி. லேன்லேர்ந்து 53-க்கு அனுமதி, நேரம் ஒத்துப்போக 123-க்கும். அடுத்து லேன்லேர்ந்து திஸ் ஃபயர்வாலுக்கு மிச்சமெல்லாம் பிளாக். அதுக்குக் கீழ ஏற்கனவே இருக்கிற லேன்-டு-எனி. எல்லாத்தையும் அப்ளை பண்ணிட்டு, அப்புறம்தான் சிஸ்டம், அட்வான்ஸ்ட், அட்மின் ஆக்சஸ்ல ஆன்டி-லாக்அவுட்ட நிறுத்துற டிக். உங்க மெஷின்ல தொறக்குதா, ரிசப்ஷன் மெஷின்ல தொறக்கலையா, ரெண்டையும் பாருங்க. இதுக்கு மேல, வேன் பக்கத்துலேர்ந்து லாகின் பேஜத் தொறந்து விடுறது எந்தக் காரணத்துக்காகவும் வேணாம், வெளியிலேர்ந்து வரணும்னா விபிஎன் போட்டு வாங்க.

அப்படியும் மாட்டிக்கிட்டா கன்சோல் மெனு இருக்கு: 3 அட்மின் பாஸ்வேர்ட்ட ரீசெட் பண்ணும், 15 முந்தைய கான்ஃபிக்க எடுத்துக் குடுக்கும். உங்களுக்கு இருக்கிற இந்த வசதி பெட்டி பக்கத்துல நிக்கிற எவனுக்கும் இருக்குங்கிறதால, அதே அட்மின் ஆக்சஸ் பேஜ்ல கன்சோலுக்கும் பாஸ்வேர்ட் கேட்கிற டிக்கப் போடுங்க, பெட்டிய பூட்டுற ரேக்ல வைங்க.

லாக் எங்க போகுது

பெட்டிக்குள்ள லாக்குக்கு இடம் கம்மி, பழசு தானா அழிஞ்சுடும். இந்தியால 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி செர்ட்-இன் (மத்திய அரசோட சைபர் பாதுகாப்பு அமைப்பு) போட்ட உத்தரவுப்படி கம்பெனிகள் லாக்க 180 நாள் வச்சிருக்கணும், சைபர் சம்பவம் ஏதாவது நடந்து தெரிஞ்சா ஆறு மணி நேரத்துக்குள்ள அவங்களுக்குச் சொல்லணும். அதனால ஸ்டேட்டஸ், சிஸ்டம் லாக்ஸ், செட்டிங்ஸ்ல ரிமோட் லாகிங் போட்டு ஒரு சிஸ்லாக் சர்வருக்கு (லாக்க வாங்கிச் சேர்த்து வைக்கிற மெஷின்) அனுப்புங்க, பழைய பிசில லினக்ஸ் போட்டாலே ஆச்சு. டிஎச்சிபி லாக்கையும் சேர்த்து டிக் பண்ணுங்க, அதை விட்டுட்டா மூணு மாசம் முன்னாடி 10.20.10.137 பூல்லேர்ந்து எந்த மேக்குக்குப் போச்சுன்னு அப்ப தெரியாது.

எல்லாம் முடிஞ்சதும் பேக்கப் பேஜ்ல என்க்ரிப்ட் டிக் போட்டு கான்ஃபிக் ஃபைல எறக்கிக்குங்க, அதுக்குள்ள ரகசியமெல்லாம் இருக்கும், வாட்ஸ்அப்ல அனுப்பி வைக்காதீங்க. ஆள் வேலைய விட்டுப் போற அன்னைக்கு எச்ஆர் அனுப்புற மெயில்ல உங்க பேரும் இருக்கிற மாதிரி சொல்லி வைங்க, அன்னைக்கே அந்த அக்கவுண்ட்ட டிசேபிள் பண்ணி, விபிஎன் இருந்தா அதையும் எடுத்து, அவர் மெஷினோட மேப்பிங்ல பேர மாத்திடுங்க.